மிடில்செக்ஸ் எங்கே போனது? இங்கிலாந்தின் பழைய கவுண்டிப் பெயர்கள்: ஓர் எளிய விளக்கம்

லண்டனில் ஹாரோவிலோ வெம்பிளியிலோ உறவினர் இருக்கும் வீடுகளில் பழைய கடித உறை ஒன்றாவது கிடக்கும். அனுப்பியவர் முகவரியைப் பாருங்கள். வீட்டு எண்ணும் தெருவும் ஒரு வரி, ஊர்ப்பெயர் ஒரு வரி, அதன் கீழே ‘மிடில்செக்ஸ்’, கடைசியில் ‘எச்ஏ’ என்று தொடங்கும் அஞ்சல் குறியீடு. இப்போது அந்தப் பகுதியை ஆண்ட உள்ளாட்சி மன்றமான மிடில்செக்ஸ் கவுண்டி கவுன்சிலின் அலுவலகத்தைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அது 1965-ல் கலைக்கப்பட்டுவிட்டது. ஆனால் மிடில்செக்ஸ் கிரிக்கெட் அணி லார்ட்ஸ் மைதானத்தில் இன்றைக்கும் ஆடுகிறது. ஹெண்டனில் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. கவுன்சில் போய் எட்டு ஆண்டு கழித்து, 1973-ல் அந்தப் பெயரோடு பாலிடெக்னிக்காகத் தொடங்கி, 1992-ல் பல்கலைக்கழகமானது அது.

இதை விளக்கச் சொன்னால் ஆளுக்கொன்று சொல்வார்கள். “மிடில்செக்ஸை ஒழித்துவிட்டார்கள்” என்பார் ஒருவர். “சும்மா பழக்கத்துக்கு எழுதுகிறார்கள்” என்பார் இன்னொருவர். “ஹாரோ மிடில்செக்ஸ்தான், லண்டன் இல்லை” என்று மூன்றாமவர் சண்டைக்கே வருவார். மூன்று பேரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டு, ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதாக நினைக்கிறார்கள். முடிச்சு அங்கேதான் விழுகிறது.

கவுண்டி என்றால் என்ன?

கவுண்டி என்பது இங்கிலாந்து நிலப்பரப்பின் பழைய பெரும்பிரிவு. நார்மன்கள் 1066-ல் வருவதற்கு முன்பே ஆங்கிலோ-சாக்சன் அரசர்கள் நாட்டைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் ‘ஷயர்’ என்றார்கள். வரி, வழக்கு, படைதிரட்டல் எல்லாம் அந்த அளவில் நடந்தன. ஷயரில் அரசரின் சார்பாக நின்ற அதிகாரியின் பெயர் ‘ஷயர்-ரீவ்’. அது தேய்ந்துதான் ‘ஷெரிஃப்’ ஆனது. சென்னையில் ஒரு காலத்தில் இருந்த ஷெரிஃப் பதவியின் பெயரும் இங்கிருந்து வந்ததுதான். நார்மன்கள் தங்கள் பிரெஞ்சில் இதே பிரிவைக் குறிக்கும் சொல்லைக் கொண்டுவந்தார்கள். அது ‘கவுண்டி’ ஆயிற்று. 1086-ல் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலப்பதிவேடு நாட்டைக் கவுண்டி கவுண்டியாகத்தான் கணக்கெடுத்திருக்கிறது.

பெயர்களிலேயே வரலாறு தெரியும். எசெக்ஸ் கிழக்குச் சாக்சன்களின் நாடு, சசெக்ஸ் தெற்குச் சாக்சன்களுடையது, மிடில்செக்ஸ் நடுச் சாக்சன்களுடையது. நார்ஃபோக் வடக்கு மக்கள், சஃபோக் தெற்கு மக்கள். கம்பர்லாந்தின் பெயர் வேல்ஸ்காரர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் சொல்லோடு உறவுடையது. கென்ட் இவை எல்லாவற்றையும்விடப் பழையது, ரோமானியர் காலத்துக்கும் முந்தையது. இப்படி இங்கிலாந்தில் மொத்தம் 39 பழைய கவுண்டிகள். பெரியது யார்க்‌ஷயர், ஏறத்தாழ 15,000 சதுர கிலோமீட்டர். சிறியது ரட்லாந்து, 400 சதுர கிலோமீட்டர்கூட இல்லை.

தமிழில் இதை ‘மாவட்டம்’ என்று மொழிபெயர்ப்பதைத் தவிர்ப்பது நல்லது. இங்கிலாந்தில் கவுண்டிக்குக் கீழே வேறொரு நிர்வாகப் பிரிவு இருக்கிறது, அதற்குத்தான் மாவட்டம் என்று பொருள்படும் சொல்லை அவர்கள் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் மாவட்டம் என்று எழுதினால் படிப்பவர் தொலைந்துபோவார். கிரிக்கெட் புண்ணியத்தில் ‘கவுண்டி’ தமிழில் எல்லோருக்கும் தெரிந்த சொல். அதையே வைத்துக்கொள்ளலாம்.

தாத்தா பெயர், பேரன் பெயர்

நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்ததுதான். ஒரு வீட்டில் மூன்று தலைமுறையில் இரண்டு ராமசாமி இருந்தால், “ராமசாமி காலமாகிவிட்டார்” என்ற செய்தி வந்ததும் முதலில் “எந்த ராமசாமி?” என்றுதான் கேட்போம். கவுண்டிப் பெயர்களிடமும் இதே கேள்வியைக் கேட்டால் போதும், குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். ஒரு கவுண்டிப் பெயரைக் கேட்டால் அதன் பின்னால் நான்கு பேர் நிற்கலாம்.

தாத்தா: வரலாற்றுக் கவுண்டி. மேலே சொன்ன 39-ல் ஒன்று. இதற்கு அலுவலகம் கிடையாது, வரி வாங்காது, குப்பை அள்ளாது. ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லப் பயன்படும் நிலப்பெயர், அவ்வளவுதான்.

மகன்: நிர்வாகக் கவுண்டி. ஒரு கவுன்சில் ஆளும் பரப்பு. பள்ளி, சாலை, நூலகம் எல்லாம் இதன் கையில். நாடாளுமன்றம் சட்டம் போட்டு உண்டாக்கியது, சட்டம் போட்டே மாற்றுவது.

பேரன்: சடங்குக் கவுண்டி. மன்னரின் பிரதிநிதியான லார்டு லெப்டினன்ட் ஒருவருக்கு ஒதுக்கிய பரப்பு. மன்னர் வந்தால் வரவேற்பது, விருது வழங்குவது போன்ற காரியங்களுக்கு. இதற்கு 1997-ல் தனிச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் இவை 48.

பங்காளி: அஞ்சல் கவுண்டி. கடிதங்களைப் பிரிப்பதற்காக அஞ்சல் துறை வைத்திருந்த பிரிவு. இதன் எல்லை மற்ற மூன்றோடும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பெயர் ஒன்றாக இருப்பதால் நால்வரும் ஒருவரல்ல. ‘ஒழிக்கப்பட்டது’ என்ற செய்தி ஏறக்குறைய எப்போதும் மகனைப் பற்றியது. தாத்தாவைக் கவுன்சில் பெற்றெடுக்கவில்லை, அதனால் கவுன்சில் போகும்போது தாத்தாவும் கூடப் போவதில்லை.

எல்லைகள் எப்போது பிரிந்தன?

1974-ல் எல்லாம் மாறியது என்று பலர் சொல்வார்கள். பிளவு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1888-ன் சட்டப்படி 1889 ஏப்ரல் 1 அன்று முதல் கவுண்டி கவுன்சில்கள் வந்தன. அன்றே லண்டன் கவுண்டி என்ற புதிய நிர்வாகப் பரப்பை மிடில்செக்ஸ், சர்ரே, கென்ட் மூன்றிலிருந்தும் வெட்டி எடுத்தார்கள். மான்செஸ்டர், லீட்ஸ் போன்ற பெருநகரங்கள் கவுண்டி கவுன்சிலுக்குக் கட்டுப்படாமல் தம்மைத் தாமே ஆண்டுகொண்டன. அதற்காக மான்செஸ்டர் லங்காஷயரை விட்டுப் போய்விட்டது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. கவுன்சிலின் எல்லை வேறு, கவுண்டி வேறு என்று எல்லோருக்கும் புரிந்திருந்தது.

டாட்மார்டன் என்ற சிற்றூரின் நகர மண்டபத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பென்னைன் மலைப் பள்ளத்தாக்கில் லங்காஷயரும் யார்க்‌ஷயரும் சந்திக்கும் இடம் அது. எல்லையாக ஓடிய சிற்றாற்றின் மேலேயே மண்டபத்தைக் கட்டி 1875-ல் திறந்தார்கள். கட்டடத்தின் பாதி ஒரு கவுண்டியில், மறுபாதி அடுத்ததில். முகப்பின் உச்சியில் முக்கோணச் சிற்பம்: ஒரு பக்கம் லங்காஷயரின் பருத்தித் தொழில், மறுபக்கம் யார்க்‌ஷயரின் வேளாண்மையும் இயந்திரத் தொழிலும். 1888-ன் சட்டத்துக்குப் பிறகு நிர்வாக எல்லை நகர்ந்து ஊர் முழுதும் யார்க்‌ஷயர் பக்கம் போனது. சிற்பம் அப்படியே நிற்கிறது.

அடுத்தது 1965. பெருநகர லண்டன் உருவாகி, மிடில்செக்ஸ் கவுன்சில் கலைந்தது. அதன் நிலத்தில் பெரும்பகுதி லண்டனுக்குப் போனது. பாட்டர்ஸ் பார் ஹார்ட்ஃபோர்ட்ஷயருக்கும், ஸ்டெயின்ஸ், சன்பரி இரண்டும் சர்ரேக்கும் போயின. ஸ்டெயின்ஸைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சர்ரே தேம்ஸ் நதிக்குத் தெற்கே உள்ள நாடு. ஸ்டெயின்ஸ் நதிக்கு வடக்கே இருக்கிறது. வரலாற்றில் அது மிடில்செக்ஸ், சாலை போடுவது சர்ரே, அஞ்சல் முகவரியில் மறுபடி மிடில்செக்ஸ். அங்கே உள்ள மாவட்டக் கவுன்சிலின் பெயர் ஸ்பெல்தோர்ன். அதுவும் பழைய மிடில்செக்ஸின் ஓர் உட்பிரிவின் பெயர்தான்.

பெரிய அடி 1974 ஏப்ரல் 1-ல் விழுந்தது. பெருநகர மான்செஸ்டர், மெர்சிசைடு, மேற்கு மிட்லாண்ட்ஸ் போன்ற ஆறு பெருநகரக் கவுண்டிகள் முளைத்தன. ஏவான், கிளீவ்லாந்து, ஹம்பர்சைடு, கம்பிரியா என்று புதுப் பெயர்கள் வந்தன. ரட்லாந்து லெஸ்டர்ஷயருக்குள் போனது. போர்ன்மத் ஹாம்ப்ஷயரிலிருந்து டார்செட்டுக்கு மாறியது. யார்க்‌ஷயரின் மூன்று ‘ரைடிங்’குகளும் நிர்வாகத்திலிருந்து மறைந்தன. ரைடிங் என்றால் பழைய நார்ஸ் மொழியில் மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் வடக்கு, கிழக்கு, மேற்கு மூன்று மட்டும் இருந்தன, தெற்கு ரைடிங் என்று ஒன்று நிர்வாகத்தில் இருந்ததே இல்லை.

புதிய எல்லைகள் உள்ளாட்சிக்கு மட்டுமே, பழைய கவுண்டிகளின் எல்லையையோ மக்களின் பற்றையோ அவை மாற்றா என்று அரசுத் தரப்பிலேயே அப்போது சொன்னார்கள். ஆனால் பத்திரிகைகளும் வரைபடங்களும் பள்ளிப் புத்தகங்களும் புதுப் பெயர்களை மட்டும் அச்சிட்டன. ‘பழையது ஒழிந்தது’ என்ற எண்ணம் சட்டத்தால் வேர்விட்டதைவிட அச்சுப் பழக்கத்தால் வேர்விட்டதுதான் அதிகம்.

சுருக்கம்: 1889, 1965, 1974 மூன்று முறையும் வெட்டி ஒட்டியது கவுன்சில்களின் எல்லையை. ஒவ்வொரு முறையும் வரலாற்று எல்லைக்கும் நிர்வாக எல்லைக்கும் இடையிலான தூரம் கூடிக்கொண்டே போனது.

திரும்பி வந்த பெயர்கள்

ஏவான், ஹம்பர்சைடு, கிளீவ்லாந்து மூன்று கவுண்டிகளும் 22 ஆண்டுதான் நிலைத்தன. 1996-ல் கலைத்துவிட்டார்கள். கிழக்கு ரைடிங் என்ற பெயர் ஒரு கவுன்சிலின் பெயராகத் திரும்பியது. அடுத்த ஆண்டு ரட்லாந்தும் தனிக் கவுன்சிலாக மீண்டது. ‘சிறியதில் மிகுதி’ என்று பொருள்படும் லத்தீன் தொடர்தான் அதன் குறிக்கோள் வாசகம்.

சுவாரசியம் என்னவென்றால், கலைந்துபோன புதுப் பெயர்களும் முற்றாகச் சாகவில்லை. ஏவான்-சாமர்செட் காவல்துறை, ஹம்பர்சைடு காவல்துறை, ஹம்பர்சைடு விமான நிலையம் எல்லாம் இன்றும் உண்டு. ஒரு பெயர் கவுன்சிலைவிட நீண்டு வாழ்வது பழைய கவுண்டிக்கு மட்டும் உரிய குணமல்ல.

2023-ல் கம்பிரியா கவுன்சிலை இரண்டாகப் பிரித்தபோது கம்பர்லாந்து என்றும், வெஸ்ட்மோர்லாந்து-ஃபர்னெஸ் என்றும் பழைய பெயர்களையே சூட்டினார்கள். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பென்ரித் நகரம் வரலாற்றில் கம்பர்லாந்து. இன்றைக்கு அதை ஆள்வதோ வெஸ்ட்மோர்லாந்து-ஃபர்னெஸ் கவுன்சில். ஃபர்னெஸ் தீபகற்பம் வரலாற்றில் லங்காஷயர். மகனுக்கு வைத்தது தாத்தாவின் பெயர்தான், ஆனால் தாத்தாவின் நிலம் முழுதும் அவன் பெயரில் இல்லை.

முகவரியில் என்ன எழுத வேண்டும்?

அஞ்சல் கவுண்டியை முகவரியில் எழுத வேண்டும் என்ற தேவையை ராயல் மெயில் 1996-லேயே கைவிட்டது. இன்று ஒரு கடிதம் போய்ச்சேர வேண்டியவை இவ்வளவே: பெறுபவர் பெயர், கட்டட எண்ணும் தெருவும், தேவைப்பட்டால் உட்பகுதியின் பெயர், அஞ்சல் நகரம், அஞ்சல் குறியீடு. அஞ்சல் நகரம் என்பது அந்தப் பகுதிக் கடிதங்கள் வந்து சேரும் மைய ஊர். அதைப் பெரிய எழுத்தில் எழுதுவது மரபு. குறியீடு கடைசியில், தனி வரியில்.

குறியீட்டில் இரண்டு பாதி. முன்பாதி கடிதம் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று காட்டும். ஹாரோ பக்கம் எச்ஏ, ட்விக்கன்ஹாம் பக்கம் டிடபிள்யூ, குரோய்டனுக்கு சிஆர். பின்பாதி எப்போதும் ஓர் எண்ணும் இரண்டு எழுத்தும். அது தெருவில் சில வீடுகள் வரை சுருக்கிவிடும், சராசரியாகப் பதினைந்து முகவரிகள். இவ்வளவு துல்லியம் கையில் இருக்கும்போது கவுண்டிப் பெயருக்கு இயந்திரத்திடம் வேலை இல்லை.

அப்படியானால் ‘ஹாரோ, மிடில்செக்ஸ்’ என்று எழுதுவது தப்பா? இல்லை. எழுதினால் கடிதம் தாமதமாகாது, எழுதாவிட்டாலும் தாமதமாகாது. இணையப் படிவம் கவுண்டியைக் கட்டாயம் கேட்டால் பழைய பெயரையோ ‘பெருநகர லண்டன்’ என்றோ நிரப்பலாம். வங்கி அட்டையில் பணம் கட்டும்போது முகவரியைச் சரிபார்ப்பது வீட்டு எண்ணையும் குறியீட்டையும் வைத்துத்தான். கட்டணம் நிராகரிக்கப்பட்டால் கவுண்டியை மாற்றி மாற்றிப் போட்டு நேரத்தை வீணாக்காமல் அந்த இரண்டையும் பாருங்கள்.

கவுண்டிப் பெயர் உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு: ஒரே பெயரில் பல ஊர். ரிச்மண்ட் யார்க்‌ஷயரிலும் இருக்கிறது, பழைய சர்ரேயிலும் இருக்கிறது. நியூபோர்ட் ஷ்ராப்ஷயரில் ஒன்று, எசெக்ஸில் ஒன்று, ஐல் ஆஃப் வைட்டில் ஒன்று, வேல்ஸில் ஒன்று. ஆஷ்ஃபோர்டில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கென்ட்டில் உள்ளது பெரிய ஊர், அதன் ரயில் நிலையம் ஆஷ்ஃபோர்ட் இன்டர்நேஷனல். மற்றது லண்டனுக்கு மேற்கே, ஸ்டெயின்ஸுக்குப் பக்கத்தில் உள்ள பழைய மிடில்செக்ஸ் ஊர். அங்கே உள்ள நிலையத்தை ரயில் பட்டியலில் ‘ஆஷ்ஃபோர்ட் (சர்ரே)’ என்று போட்டிருப்பார்கள். பயணச்சீட்டு எடுக்கும்போது அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படிக்காமல் விட்டால் தவறான திசையில் மணிக்கணக்கில் போக நேரும்.

கிரிக்கெட் வைத்திருக்கும் வரைபடம்

பழைய கவுண்டிகளைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது பாடப்புத்தகம் அல்ல, கவுண்டி கிரிக்கெட். கவுண்டி சாம்பியன்ஷிப் 1890-ல் முறையாகத் தொடங்கியது. இன்று 18 அணிகள். கிளமார்கன் மட்டும் வேல்ஸ், மற்ற பதினேழும் வரலாற்று இங்கிலாந்தின் பெயர்கள். கடைசியாகச் சேர்ந்தது டர்ஹாம், 1992-ல்.

இந்த அணிகளின் சொந்த மைதானங்களை நிர்வாக வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். சர்ரே அணியின் ஓவல் மைதானம் 1889 முதலே சர்ரே கவுன்சிலின் பரப்பில் இல்லை. வாரிக்‌ஷயரின் எட்ஜ்பாஸ்டன் மேற்கு மிட்லாண்ட்ஸில். லங்காஷயரின் ஓல்டு டிராஃபோர்டு பெருநகர மான்செஸ்டரில். வரலாற்று வரைபடத்தை விரித்தால் எல்லாம் அதனதன் வீட்டில் இருக்கும். கவுன்சில் எல்லை மாறியதற்காக எந்த அணியும் பெயரை மாற்றவில்லை. ரசிகர்களும் கேட்கவில்லை.

வெங்கட்ராகவன் எழுபதுகளில் டார்பிஷயருக்கு ஆடினார். முத்தையா முரளிதரன் லங்காஷயரின் செல்லப்பிள்ளையாக இருந்தார், கென்ட்டுக்கும் ஆடினார். அஸ்வின் வூஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர், சர்ரே மூன்றிலும் பந்து வீசியிருக்கிறார். யார்க்‌ஷயர் கதை தனி. கவுண்டிக்குள் பிறந்தவர் மட்டுமே ஆடலாம் என்ற வழக்கத்தைப் பல பத்தாண்டுகள் பிடித்துவைத்திருந்தார்கள். அதை விட்ட பிறகு, 1992-ல் அவர்களுக்காக ஆடிய முதல் வெளிநாட்டு வீரர் சச்சின் டெண்டுல்கர். நிர்வாகமே கைவிட்ட ஓர் எல்லைக்கோட்டை ஒரு விளையாட்டுச் சங்கம் பிறப்பிட விதியாக வைத்திருந்தது என்றால், அந்தக் கோடு மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாகக் கிடந்தது என்று பாருங்கள்.

இதே உணர்வுதான் ஆகஸ்ட் 1-ல் கொண்டாடும் யார்க்‌ஷயர் நாளுக்கும் அடிப்படை. 1974-ன் மாற்றத்தை எதிர்த்து 1975-ல் தொடங்கியது அது. லங்காஷயருக்கு நவம்பர் 27, மிடில்செக்ஸுக்கு மே 16. சாடில்வொர்த் பகுதி இன்று பெருநகர மான்செஸ்டரின் ஓல்டாம் நிர்வாகத்தில் இருந்தாலும் யார்க்‌ஷயர் நாளை விடாமல் கொண்டாடுகிறது. அங்கே யார்க்‌ஷயரின் வெள்ளை ரோஜாவைத்தான் பார்க்கலாம்.

பெயருக்கு ஒட்டிக்கொண்ட குணங்களும் உண்டு. யார்க்‌ஷயர்க்காரர் சிக்கனக்காரர், முகத்துக்கு நேரே பேசுபவர் என்பார்கள். எசெக்ஸ் பெண்களைப் பற்றி இழிவான ஒரு சொல்வழக்கு பல ஆண்டுகள் ஓடியது. எதிர்ப்பு எழுந்த பிறகு 2020-ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் மொழி கற்பவர்களுக்கான தன் அகராதியிலிருந்து அதை நீக்கியது. நீக்கியது சரிதான். அரச பட்டங்களும் பழைய வரைபடத்தில்தான் வாழ்கின்றன. 2018-ல் சசெக்ஸ் கோமகன் என்ற பட்டம் இளவரசர் ஹாரிக்குக் கொடுக்கப்பட்டது. 1889 முதல் அங்கே கிழக்கு சசெக்ஸ், மேற்கு சசெக்ஸ் என்று இரண்டு கவுண்டி கவுன்சில்கள்தான். அப்படியென்றால் பட்டத்தில் உள்ள ‘சசெக்ஸ்’ எந்த ராமசாமி? தாத்தாதான்.

சாப்பாட்டு மேசையில் கவுண்டிகள்

சாப்பாட்டுப் பெயரில் கவுண்டி இருந்தால் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பெயர் பொதுச்சொத்தாகிவிட்டவை. மற்றொன்று, புவிசார் குறியீடு பெற்றவை. நம்மூரில் சில பொருள்களுக்கு வாங்குகிறோமே, அதே வகைப் பாதுகாப்பு.

வூஸ்டர்ஷயர் சாஸ் முதல் வகை. வூஸ்டர் நகரில் லீ, பெரின்ஸ் என்ற இரு மருந்துக்கடைக்காரர்கள் 1830-களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் செய்து விற்கலாம். வினிகர், வெல்லப்பாகு, வெங்காய வகை, பூண்டு, கூடவே நம் புளி. சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது: அசல் செய்முறையில் நெத்திலி வகை மீன் ஊறியிருக்கிறது. ‘காய்கறி சூப்’ என்று பட்டியலில் இருந்தாலும் இந்தச் சாஸ் ஒரு சொட்டு விழுந்திருக்கலாம். லேபிளின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

யார்க்‌ஷயர் புட்டிங்கும் முதல் வகையே. பெயரைக் கேட்டு இனிப்பு என்று நினைப்பவர்கள் பலர். அது வறுத்த இறைச்சியோடும் குழம்போடும் சாப்பிடும் உப்பலான மாவுப் பண்டம். முட்டை, மைதா, பால் மூன்றும் கொள்ளளவில் சமம்: நான்கு முட்டை உடைத்தால் ஏறத்தாழ 200 மில்லி, அதே டம்ளரில் மைதா, அதே டம்ளரில் பால், ஒரு சிட்டிகை உப்பு. கட்டியில்லாமல் அடித்து அரைமணி நேரம் வைக்க வேண்டும். பன்னிரண்டு குழித் தட்டில் ஒவ்வொரு குழியிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, 220 முதல் 230 டிகிரி சூட்டில் அடுப்புக்குள் பத்து நிமிடம் காயவிட வேண்டும். மாவை ஊற்றும்போது ‘சுர்’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் எண்ணெய் காயவில்லை, புட்டிங் எழும்பாது. ஊற்றிய பின் இருபது நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. உள்ளே நீராவிதான் மாவைத் தூக்குகிறது. மேலோடு இறுகும் முன் குளிர்காற்று பட்டால் அமுங்கிவிடும், மறுபடி எழாது. பேக்கிங் பவுடர் கலந்த மாவு வேண்டாம். நான்கு அங்குலம் உயராதது யார்க்‌ஷயர் புட்டிங் அல்ல என்று பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் 2008-ல் அறிவித்தது.

இரண்டாம் வகைக்கு நல்ல உதாரணம் கார்னிஷ் பேஸ்டி, இறைச்சியும் காய்கறியும் உள்ளே வைத்து மாவை மடித்துச் சுடும் பண்டம். 2011 முதல் கார்ன்வாலுக்குள் செய்தால் மட்டுமே அந்தப் பெயர். ஓரமடிப்பு பக்கவாட்டில் இருக்க வேண்டும். மாட்டிறைச்சி குறைந்தது 12.5 சதவீதம், காய்கறி 25 சதவீதம். ஸ்டில்டன் பாலாடைக்கட்டியின் நிலைதான் வேடிக்கை. டார்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் மூன்றில் மட்டும் அதைச் செய்யலாம் என்று விதி. ஸ்டில்டன் என்ற கிராமமோ பழைய ஹண்டிங்டன்ஷயரில், இன்றைய கேம்பிரிட்ஜ்ஷயரில் இருக்கிறது. ஆகவே ஸ்டில்டனில் ஸ்டில்டன் செய்ய முடியாது. கட்டியின் பெயர் அது விற்கப்பட்ட ஊரிலிருந்து வந்தது, விதியின் எல்லையோ செய்த இடத்தைப் பின்பற்றியது.

உச்சரிப்பும் சுருக்கமும்

தமிழில் ‘ஷயர்’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். தனிச்சொல்லாக வரும்போது ஷயர்தான். பெயரின் வாலாக வரும்போது அங்குள்ளவர்கள் ‘ஷர்’ என்று சுருக்கியே சொல்வார்கள். எழுத்தைப் பார்த்துப் படித்தால் தவறும் பெயர்கள் சில: பெர்க்‌ஷயர் அல்ல, பார்க்‌ஷர். டெர்பி அல்ல, டார்பி. லைசெஸ்டர் அல்ல, லெஸ்டர். வொர்செஸ்டர் அல்ல, வூஸ்டர். வார்விக்கில் நடு ‘வ’ ஒலிக்காது, வாரிக். டர்ஹாமுக்கு ‘ஷயர்’ வால் கிடையாது. அதைக் ‘கவுண்டி டர்ஹாம்’ என்று முன்னால் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

சுருக்கங்களில் மூன்று மட்டும் பெயரோடு ஒட்டாது. ஹாண்ட்ஸ் என்றால் ஹாம்ப்ஷயர். ஆக்ஸன் என்றால் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர், லத்தீனிலிருந்து வந்தது. சாலப் என்றால் ஷ்ராப்ஷயர். 1974-ல் அந்தக் கவுன்சிலுக்கே சாலப் என்று பெயர் வைத்தார்கள். மக்கள் ஒப்பவில்லை, 1980-ல் ஷ்ராப்ஷயர் என்று மாற்றினார்கள்.

ஓர் ஊர் எந்தக் கவுண்டி என்று பார்ப்பது எப்படி?

முதலில் எதற்காகக் கேட்கிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். கவுன்சில் வரி, பள்ளிச் சேர்க்கை, குப்பை என்றால் அஞ்சல் குறியீட்டை அரசின் இணையதளத்தில் கொடுத்தால் கவுன்சிலின் பெயர் வரும். அங்கே பழைய பெயருக்கு வேலையே இல்லை. ஹாரோவில் இருப்பவர் மிடில்செக்ஸை நம்பி வரி கட்டாமல் இருக்க முடியாது. கடிதம் என்றால் குறியீடு போதும். பழைய ஆவணம், கிரிக்கெட், குடும்ப வரலாறு என்றால் வரலாற்று எல்லையைப் பாருங்கள். நதிகள் நல்ல வழிகாட்டி. மிடில்செக்ஸுக்கும் சர்ரேக்கும் நடுவே தேம்ஸ், மிடில்செக்ஸுக்கும் எசெக்ஸுக்கும் நடுவே லீ, லங்காஷயருக்கும் செஷயருக்கும் நடுவே மெர்சி, கார்ன்வாலுக்கும் டெவனுக்கும் நடுவே டாமர்.

கேட்விக் விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1974 வரை சர்ரே, இன்று மேற்கு சசெக்ஸ். கிங்ஸ்டன் இன்னும் நல்ல பயிற்சி: 1965 முதல் அது பெருநகர லண்டன். ஆனால் சர்ரே கவுன்சிலின் தலைமை அலுவலகம் 1893-லிருந்து 2020 வரை கிங்ஸ்டனிலேயே இருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் சர்ரேயை ஆண்ட அலுவலகம் தான் ஆளும் பரப்புக்கு வெளியே இருந்திருக்கிறது.

லண்டன் தமிழர்கள் அதிகம் வாழும் இடங்களுக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். பிள்ளையார் கோயில் உள்ள விம்பிள்டன் பழைய சர்ரே. முருகன் கோயில் உள்ள மேனர் பார்க், அதை ஒட்டிய ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு எல்லாம் எசெக்ஸ். வெம்பிளி, ஹாரோ, சவுத்தால் மிடில்செக்ஸ். உங்கள் வீட்டின் பழைய பத்திரத்தையோ, தெருவின் நூற்றாண்டுக்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கையோ தேடினால் இந்தப் பெயர்களின் கீழ்தான் கிடைக்கும். மிடில்செக்ஸ் ஆவணங்கள் லண்டன் நகரின் ஆவணக் காப்பகத்திலும், சர்ரே ஆவணங்கள் வோக்கிங்கிலும், எசெக்ஸ் ஆவணங்கள் செம்ஸ்ஃபோர்டிலும் உள்ளன. தேடல் பெட்டியில் ‘பெருநகர லண்டன்’ என்று தட்டிவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று கைவிடாதீர்கள். 1965-க்கு முந்தைய தாளில் அந்தப் பெயர் இருக்காது.